உயிரோடு இருக்கிறவர்களுக்கும் கை கொடுப்போம்

(சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு. வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அன்றைக்கும் விறகு இருக்கிறது, துணி இருக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. நம்ம தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? செய்தி கேட்ட கொஞ்ச நேரத்திலே முழு லயமும் அங்கே நிற்கிறது. ஒரு வீட்டிலிருந்து சீனி வருகிறது, இன்னொரு வீட்டிலிருந்து தேயிலைத் தூள் வருகிறது. குழி வெட்ட நாலு இளைஞர்கள் மண்வெட்டியோடு போகிறார்கள். மரண உதவிச் சங்கத்துப் பொருளாளர் காசோடு வந்து நிற்கிறார். செத்தவர் நல்லவரா கெட்டவரா, என்ன நோயில் செத்தார், யாருக்குக் கடன் வைத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு வார்த்தை இல்லாத பகையாளி வீடாக இருந்தாலும் பாடைக்குத் தோள் கொடுக்கிறோம். இது நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற நல்ல வழக்கம். இதைப் பார்த்து வெளியூர்க்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

சரி. செத்தவருக்கு இப்படி ஓடி வருகிற அந்தக் கை, அவர் உயிரோடு நோயில் இருந்தபோது எங்கே இருந்தது? அதுவும் வெளியே சொல்ல முடியாத ஒரு நோயாக இருந்தால்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

வெளியே சொல்ல முடியாத நோய் என்றால் உங்களுக்குப் புரியும். நம்ம பெரியவர்கள் மேகநோய் என்றும் வெட்டை என்றும் கிரந்தி என்றும் சொன்னார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் பாலியல் நோய் என்கிறார்கள். தலை குனிய வேண்டாம் தங்கச்சி. வாய் திறந்து பேசாததால்தான் நம்மில் பலர் கஷ்டப்பட்டார்கள். அந்தக் கஷ்டத்தில் ஒன்றுக்கு நாமும் ஒரு காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

துண்டு செய்த வேலை

பல வருஷங்களுக்கு முன்னால், நாம் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது நடந்தது. பேரும் ஊரும் வேண்டாம். ஒரு தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை, மூன்று மாதம். கர்ப்பிணிக் கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் இரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா, வி.டி.ஆர்.எல். என்று சொல்வார்களே, அதில் அவளுக்குக் கிரந்திக் கிருமி இருப்பதாகத் தெரிய வந்தது. உடனே ஊசி போட்டார்கள். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, அவருக்கும் பார்க்கணும்" என்று நேர்ஸ் அம்மா சொல்லி அனுப்பினார்.

அந்தத் தம்பி நம்மிடம் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். அரைப் பேராவது கிடைக்குமா? பஸ்ஸுக்கும் கையில் காசு இல்ல" என்றார். நாம் வழக்கம்போல ஒரு துண்டு எழுதினோம். எந்தக் கிளினிக் என்பதையும் அதிலே எழுதினோம். மடித்துக்கூடக் கொடுக்கவில்லை. அந்தத் துண்டு ஆபீஸ் மேசைக்குப் போனது, அங்கேயிருந்து மலைக்குப் போனது, திரும்ப ஆபீசுக்கு வந்தது. நாலு கை மாறியது. அன்று பின்னேரமே பீலிக்கரையில் பேச்சு. மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் யாரோ ஒருவர் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தத் தம்பி கிளினிக்குக்குப் போகவே இல்லை. "போனேன், ஊசி போட்டாங்க, எல்லாம் சரி" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டார். குணமான மனைவிக்கு மறுபடியும் அவரிடமிருந்தே தொற்றியது. பிள்ளை பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் வைத்துப் பத்து நாள் ஊசி போட்டார்கள். கை அளவு பிள்ளை. அந்தத் தாய் ஒவ்வொரு ஊசிக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை நாம் பார்த்தோம். பிள்ளை பிழைத்தது, கடவுள் புண்ணியம். ஆனால் அந்தத் தம்பி அவமானம் தாங்காமல் கொழும்புப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை.

பிறகுதான் நாம் விசாரித்து ஒன்றைத் தெரிந்துகொண்டோம். அந்தக் கிளினிக்குக்குப் போக எவருடைய துண்டும் தேவையில்லை. நேரே போகலாம். லீவுக்குத் துண்டு வேண்டுமென்றால் "ஆஸ்பத்திரிக்கு" என்று ஒரு சொல் எழுதினால் போதும். நாம் எழுதிய அந்த இன்னொரு சொல்தான் ஒரு குடும்பத்தைப் பிரித்தது. நம்ம பேனாவும் பீலிக்கரை வாயும் சேர்ந்து செய்த வேலை அது.

நோயைப் பற்றி நாலு வார்த்தை

இந்த நோய்கள் உடலுறவால் தொற்றுகின்றன. சில, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், சில இரத்தத்தாலும் தொற்றும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், ஒரே கக்கூசுக்குப் போவதால், நுளம்பு கடிப்பதால் எச்.ஐ.வி. வராது. கைகொடுத்தாலும் வராது, பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தாலும் வராது.

கிரந்தி என்கிற சிபிலிசு நோயில் முதலில் ஒரு புண் வரும். அது வலிக்காது. சில கிழமையில் தானாக ஆறிவிடும். "ஆறிப்போச்சு, இனி என்ன" என்று நினைக்கிறோம். ஆனால் கிருமி போகவில்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். அதுவும் மறையும். பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் பிடிக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் கரு கலையலாம், பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். இவ்வளவு பெரிய நோய்க்கு, ஆரம்பத்திலே பிடித்தால் பென்சிலின் ஊசி ஒரு தடவை போதும்.

கொனோரியா என்கிற வெட்டை நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலும் சீழும் காட்டும். பெண்களுக்கு ஒன்றும் காட்டாமலே இருக்கலாம். கிளமீடியா என்று இன்னொன்று, அதுவும் அப்படித்தான். ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே இருந்து, கர்ப்பக் குழாயை அடைத்துவிடலாம். "பிள்ளை இல்லாதவள்" என்று நாம் பேர் வைத்த பெண்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். அவர்களைக் குறை சொன்ன வாய்க்கு அது தெரியாது. இந்த இரண்டையும் மருந்தால் குணப்படுத்தலாம். ஆனால் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்து மற்றவர் எடுக்காவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

எச்.ஐ.வி.யை இன்னும் முற்றாக நீக்க மருந்து இல்லை. ஆனால் பழைய பயம் இப்போது வேண்டாம். தினமும் தவறாமல் மாத்திரை எடுக்கிறவர் மற்றவர்களைப் போல வேலை செய்து, பிள்ளை பெற்று, வயசாகும்வரை வாழலாம். மருந்தால் இரத்தத்தில் கிருமி காண முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது என்று இன்றைய வைத்தியம் உறுதியாகச் சொல்கிறது. நம் நாட்டில் அந்த மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1987-ம் ஆண்டில். 2023-ம் ஆண்டில் மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 694 பேர். எண்ணிக்கை ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. ஆகவே "அது நமக்கு வராது" என்று யாரும் மார் தட்ட வேண்டாம். "கொழும்புக்குப் போனவன் கொண்டு வந்தான், வெளிநாட்டுக்குப் போனவள் கொண்டு வந்தாள்" என்று ஆள் பிடிக்கவும் வேண்டாம். கிருமி ஆள் பார்த்து வருவதில்லை.

இந்த இடத்தில் தாய்மாருக்கு ஒரு பெருமையான செய்தி. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-ம் ஆண்டு உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அது டொக்டர்மாரால் மட்டும் வந்ததா? இல்லை. நாடு முழுக்கக் கர்ப்பிணிக் கிளினிக்கில் கை நீட்டி இரத்தம் கொடுத்த தாய்மாரால் வந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற நம்ம தாய்மாரின் கையும் அதிலே இருக்கிறது.

ஆம்பளைகளைப் பார்த்து இப்போது கேட்கிறோம். உங்கள் கை எங்கே அண்ணன்மாரே? கர்ப்பம் வந்தால் பெண்ணுக்குப் பரிசோதனை உண்டு. உங்களுக்குக் கர்ப்பம் வரப்போவதில்லை. நீங்களாக நடந்து போனால்தான் உண்டு.

போகாமல் தடுப்பது எது?

பரிசோதனைக்குக் காசு இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கல்யாணமானவரா, ஆகாதவரா, யாரோடு பழகினீர்கள் என்று வைத்தியத்துக்காகக் கேட்பார்களே தவிர, குற்றவாளியாக விசாரிப்பதில்லை. பிறகு ஏன் போகவில்லை?

இரண்டு காரணம். ஒன்று, கைச்செலவு. பரிசோதனை சும்மாதான், ஆனால் பஸ் சும்மா இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், மத்தியானம் ஒரு சாப்பாடு, அன்றைய பேர் போகிறது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டாவது, வெட்கம். "பார்த்தால் என்ன நினைப்பாங்க?" இந்த இரண்டும் சேர்ந்து ஆளைக் காம்பராவிலேயே கட்டிப் போடுகின்றன.

சீனாவில் செய்து பார்த்தது

இதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, சீனாவில் செய்த ஒரு வேலையைப் பற்றி அறிந்தோம். அங்கே ஆண்களோடு உறவு வைக்கிற ஆண்கள், ஊருக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறவர்கள். அவர்களில் 301 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, வெட்டை நோய்க்கும் கிளமீடியாவுக்கும் பரிசோதனை செய்யக் கூப்பிட்டார்கள். முதல் பிரிவுக்குச் சொன்னார்கள்: இதுதான் கட்டணம், கட்டிவிட்டுச் செய்யுங்கள். நூற்றுக்கு 18 பேர்தான் செய்தார்கள். இரண்டாம் பிரிவுக்கு: உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். 46 பேர் செய்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு: "உங்களுக்கான காசை உங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் விரும்பினால் பின்னால் வருகிற ஒருவருக்குக் கொடுக்கலாம், கட்டாயமில்லை." நூற்றுக்கு 56 பேர் செய்தார்கள். இந்த முடிவு 2020-ம் ஆண்டு வெளிவந்தது.

இதிலிருந்து நாம் என்ன படிக்கிறோம்? காசுத் தடையை எடுத்தாலே பெரிய பகுதி வேலை முடிகிறது. அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது அன்பு. பேர் தெரியாத ஒருவர் எனக்காக நினைத்திருக்கிறார் என்றால், மனசில் இருக்கிற வெட்கம் பாதி இறங்குகிறது. வாங்கினவர் பிறகு கொடுக்கிறவராக ஆகிறார். அப்போது அது பிச்சையும் இல்லை, கடனும் இல்லை.

இது நமக்குப் புதிசா? மரண உதவிச் சங்கம் இதே கணக்கில்தானே நடக்கிறது? இன்றைக்கு அவன் வீட்டுக்கு நான் கொடுக்கிறேன், நாளைக்கு என் வீட்டுக்கு யாரோ கொடுப்பார்கள்.

நம்ம வழிச்செலவு உண்டியல்

ஆகவே இன்றைக்கு ஒரு உண்டியல் வைக்கிறோம். வழிச்செலவு உண்டியல் என்று பேர். அதன் ஒழுங்கைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, இது பெரியாஸ்பத்திரியில் எந்தக் கிளினிக்குக்குப் போகிறவருக்கும் பொது. கண்ணுக்கு, சீனி வருத்தத்துக்கு, பிரஷருக்கு, நெஞ்சு வருத்தத்துக்கு, 35 வயசுப் பெண்களின் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு, பாலியல் நோய்க்கு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கடித உறை, ஒரே அளவு காசு. உறையைக் கையில் வைத்திருக்கிறவரைப் பார்த்து எதற்குப் போகிறார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பேர் எழுதுவதில்லை. எத்தனை உறை போனது என்பது மட்டும் கணக்கு. "எதுக்கு?" என்று கேட்க நமக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மாதர் சங்கத் தலைவியிடம், மற்றது மரண உதவிச் சங்கத்துப் பொருளாளரிடம். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து திறந்து, எண்ணி, கணக்கைப் பலகையில் ஒட்டுவார்கள்.

நாலாவது, ஒவ்வொரு உறையிலும் ஒரு சின்னக் கடதாசி இருக்கும். முன்னால் போய் வந்தவர் பேர் போடாமல் இரண்டு வரி எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் நம்மிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறோம். "பயப்படாம போங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று எழுதினாலே போதும்.

ஐந்தாவது, போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். ஒரு தேத்தண்ணிக் காசு போதும். காசு இல்லாதவர் வேறு விதமாகக் கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகிற தாயின் பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்வதும் நன்கொடைதான். தனியாகப் போகப் பயப்படுகிற தம்பியோடு பஸ்ஸில் கூடப் போய், வெளியே உட்கார்ந்திருப்பதும் நன்கொடைதான்.

போனவர்கள் ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. உடம்பில் ஏறிய உடனே இரத்தத்தில் தெரியாது. அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லலாம். சலித்துக்கொள்ளாமல் போங்கள். இரண்டாவது முறைக்கும் உறை உண்டு. ஆணுறையைப் பற்றியும் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

காசைவிடப் பெரிய நன்கொடை

கடைசியாக ஒன்று. உண்டியல் நிறைந்து வழிந்தாலும், பீலிக்கரையில் வாய் திறந்துவிட்டால் எல்லாம் வீண். அந்தத் தம்பிக்கு நாம் பஸ் காசு கொடுத்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். சிரிப்புச் சத்தம் அவரை நிறுத்திவிட்டது. ஆகவே இந்தத் தோட்டத்தில் எல்லோரும் கொடுக்கக்கூடிய நன்கொடை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு சதம் செலவில்லை. யாராவது ஒருவரை ஆஸ்பத்திரி பஸ்ஸில் பார்த்தால், "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். "எதுக்கு?" என்று கேட்காதீர்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறபோது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அது நமக்கு எதுக்கு" என்று பேச்சை மாற்றுங்கள். சாவு வீட்டில் "எதனால செத்தான்" என்று கேட்காத அதே மரியாதையை, உயிரோடு இருக்கிறவனுக்கும் கொடுங்கள். அவ்வளவுதான் நாம் கேட்பது.

ஆபீசிலே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கும் இதே சட்டம்தான். இனி இந்தத் தோட்டத்தில் எந்தத் துண்டிலும் கிளினிக்கின் பேர் எழுதப்படாது என்று உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறோம். தவறினால் இதே இடத்தில் நம்மைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உண்டியல் இதோ மேசையில் இருக்கிறது. முதல் காசை நாமே போடுகிறோம். அது அந்தத் தம்பிக்குக் கொடுக்காமல் விட்ட பஸ் காசு. இத்தனை வருஷம் கழித்து யாரோ ஒரு தம்பிக்காவது போய்ச் சேரட்டும்.